சமாரியரின் தரையில் ஏற்றிய விளக்கு

எனக்குக் கை முந்திக்கொள்ளும், வாய் பிந்திக்கொள்ளும். பிறவிக் கோளாறு. பாவூர்சத்திரம் போகிற சாலையோரப் பாறையில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், மேஸ்திரி என் தாயைச் சொல்லி ஏசினான் என்பதற்காகச் சுத்தியலால் அவன் தோளில் ஒன்று போட்டேன். எலும்பு பிசகிவிட்டது. போலீஸ் தேடி வருவதற்குள் தென்காசியில் ரயிலேறிப் போய்ப் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம், ஆள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு. பாறை பிளக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். அது ஒன்றுதான் தெரியும் என்றேன். ரோடு போடவும், பாலம் கட்டவும், வெடி வைக்கவும் இருக்கிற படையில் சேர்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்க் கோபுரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் செய்த மடத்தனம் விளங்காது. தென்காசிப் பெரிய கோவில் கோபுரம் அப்போது மொட்டையாக நின்றது. இடி விழுந்ததென்பார்கள், தீப்பிடித்ததென்பார்கள். உச்சி கிடையாது, நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளவுக்குள் ஆலஞ்செடி முளைத்துக் கிடந்தது. ஆனால் உள்ளே ஒரு வேளைப் பூசை நின்றதில்லை. அந்தப் பிளவுக்குக் கீழேதான் நாங்கள் நுழைந்து கும்பிட்டு வளர்ந்தோம். அதனால் இடிந்த கல்லைப் பார்த்தால் எங்களுக்குச் சாமி போய்விட்டது என்று தோன்றாது. இன்னும் விளக்கேற்ற ஆள் வரவில்லை போல என்றுதான் தோன்றும்.

எகிப்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு எங்கள் கம்பெனி பாலஸ்தீனத்துக்குப் போயிற்று. நாப்ளூஸ் என்ற ஊருக்கு மேற்கே மலைச்சரிவில் லாரி போகிற மாதிரி ரோடு போட வேண்டும். என் சட்டைக் கையில் பதவிக் கோடு ஒன்று ஏறியிருந்தது, எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். முக்கால்வாசி திருநெல்வேலி ஜில்லா ஆட்கள். அதில் வாசுதேவநல்லூர்க்காரன் ஒருவன், என்னைவிட நாலு வயது இளையவன், நெற்றியில் நாமம் இல்லாமல் கஞ்சி குடிக்க மாட்டான். துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போதுகூட 'கோவிந்தா' என்பான். நல்ல பயல். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

ரோடு போகிற வழியில் ஒரு பழைய இடிபாடு குறுக்கே கிடந்தது. நன்றாகச் செதுக்கிய கல், ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்கும் கனம். ஜல்லிக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? மதில் மிச்சத்தின் மறைவில் வெடிமருந்துப் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு, கல்லைப் பெயர்க்கத் தொடங்கினோம். மூன்றாம் நாள் கடப்பாரை முனையில் மண்ணோடு சின்னச் சின்னக் கற்கள் பெயர்ந்து வந்தன. பல் அளவு, வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாக. கையால் மண்ணைத் தள்ளினால் கீழே தரை முழுக்க அந்தக் கற்களால் இழைத்த சித்திரம்.

நாலு தூண் வைத்த ஒரு வாசல். வாசலில் சாத்திய கதவு. கதவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்குத் தண்டு, ஒவ்வொன்றிலும் ஏழு கிளை, கிளை நுனியில் சுடர். மனுசன் உருவம் இல்லை, மிருகம் இல்லை. ஓரத்தில் இரண்டு வரி எழுத்து. அடேயப்பா, தண்ணீர் தெளித்ததும் அந்தச் சிவப்பு எழுந்து வந்த அழகைச் சொல்லி மாளாது. வாசுதேவநல்லூர்க்காரன் பூட்ஸைக் கழற்றிவிட்டான்.

"அண்ணாச்சி, இது கோவிலுல்லா! குத்துவெளக்கு இருக்கு பாருங்க. கழத்துங்கலே எல்லாரும்!"

எல்லாரும் கழற்றினோம். அப்போதுதான் மேலேயிருந்து ஒரு மனிதர் சரிவில் விழுந்தடித்து ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நீள அங்கி, தலையில் சிவப்புச் சுற்று. பக்கத்து ஒலிவத் தோட்டத்துக்குக் காவல்காரர், மேலே தெரிகிற கல் வீட்டில் குடியிருப்பவர். தரையைப் பார்த்ததும் அவரும் செருப்பை உதறினார். முழங்காலிட்டு, எழுத்தின்மேல் விரலை ஓட்டி, நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்தபோது தாடியெல்லாம் ஈரம்.

எங்கள் வேலைக்கு உள்ளூர் அரபு மேற்பார்வைக்காரர் ஒருவர் இருந்தார். போன யுத்தத்தில் இந்தியப் பட்டாளத்தோடு பழகி அரைகுறை இந்துஸ்தானி கற்றவர். அவர் கேட்டுச் சொன்னார். இந்தக் காவல்காரர் சமாரியராம். முஸ்லிமும் இல்லை, யூதரோடும் சேர மாட்டார்களாம். நாப்ளூஸில் ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுகிற அளவுக்குத்தான் ஜனம் மிச்சம். அவர்களுக்கு எதிரே தெரிகிற கெரிசிம் மலைதான் எல்லாம். ஒரு காலத்தில் ஊரூருக்கு ஜெபவீடு இருந்ததாம், ராஜாக்கள் மாறிமாறி இடித்துவிட்டார்களாம். "இருந்தது என்று நாங்கள் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இதோ இருக்கிறது" என்று சொல்லிச் சொல்லித் தரையைத் தட்டினார் காவல்காரர்.

எங்கள் லெப்டினன்ட் துரை சின்ன வயசு, கெட்டவன் இல்லை. வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஞாயிறு மதியம்வரை நிறுத்துகிறேன். உங்கள் குரு வந்து எழுத்தைப் படித்து, இது உங்களுடையது என்று எழுதிக் கொடுக்கட்டும். ரோட்டை இந்தப் பக்கம் வளைத்துவிடுகிறேன். வராவிட்டால் வெடிதான்." அன்று வெள்ளி. காவல்காரர் துரையின் கையை முத்தமிட்டார். பிறகு என்னிடம் வந்து என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாளை வர முடியாது, நாளை மறுநாள் குருவோடு வருகிறேன், அதுவரை காப்பாற்று என்று மேற்பார்வைக்காரர் மூலமாகச் சொன்னார். ஏன் நாளை முடியாது என்று நான் கேட்கவில்லை. "கவலப்படாதீரும், நான் இங்கனதான் இருக்கேன்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

மறுநாள் புரட்டாசிச் சனிக்கிழமை.

எங்களுக்குப் பெருமாளுக்கு விளக்கேற்றுகிற நாள். வாசுதேவநல்லூர்க்காரன் விடியும்போதே என்னைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான். "அண்ணாச்சி, அந்த மனுசன் செருப்பக் கழத்தினாரு, உழுந்து கும்பிட்டாரு. நம்மளப் போலத்தான் அவங்களும். எத்தன நூறு வருசமா வெளக்கில்லாமக் கெடக்கோ! நாளைக்கு அந்தக் குருவு வந்து பாக்கும்போது எண்ணெ வாசம் அடிக்கணும், ஆமா." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பட்டதென்ன, சந்தோஷமாகவே இருந்தது. அந்த மனிதருக்கு நாம் ஒரு நல்லது செய்கிறோம் என்று நினைத்தேன்.

சிகரெட் டப்பா மூடிகளைத் தட்டி அகலாக்கினோம். காயக்கட்டுத் துணியைக் கிழித்துத் திரி. சமையல்காரனிடம் ஒலிவ எண்ணெய். சித்திரத்து விளக்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒவ்வொரு மூடி, மொத்தம் பதினாலு. வீட்டிலிருந்து பார்சலில் வந்த சூடம் இருந்தது, அதையும் கதவுச் சித்திரத்துக்கு நேராகக் கொளுத்தினோம். மேற்பார்வைக்காரர் அன்று கல்லுடைக்கிற மறுபக்கத்தில் இருந்தார், எங்களைத் தடுக்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. வெடிமருந்துப் பெட்டி பத்தடி தூரத்தில் இருந்ததே என்று கேட்பீர்கள். தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழித்தால் கோர்ட் மார்ஷல் என்றும் தெரியும். சாமி காரியத்துக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம்தான்.

"கோவிந்தா!" என்று எல்லாருமாகப் போட்ட சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தது. சூடப் புகை நேராக மேலே போயிற்று.

காவல்காரர் வெள்ளை உடுப்பில் ஓடி வந்தார். ஓட்டம் என்றால் அப்படி ஓட்டம், கல்லில் கால் கிழிந்து ரத்தம். என்ன கத்தினார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. நேராக வந்து வெறுங்காலால் சூடத்தை மிதித்தார். விளக்குகளை உதைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று... மூடிகள் பறந்தன. சூடான எண்ணெய் வாசுதேவநல்லூர்க்காரன் கழுத்திலும் கன்னத்திலும் தெறித்தது.

"வெளக்கக் காலால எத்துதான் அண்ணாச்சி! பெருமாள் வெளக்க எத்துதான்!"

அவன் பாய்ந்து தாடியைப் பிடித்தான். பிடித்த கையை அவர் கடித்தார். அவன் விடவில்லை, தரையோடு தரையாக இழுத்தான். அவர் கைக்குக் கிடைத்த கல்லை எடுத்து அவன் நெற்றியில் அடித்தார். நாமத்தின் நடுவில் தோல் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. மண்வெட்டியைத் தட்டிக் கழற்றி, காம்பை இரண்டு கையாலும் ஓங்கி அவர் வலக் கையில் போட்டேன். முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம். அதோடு நிறுத்தினேனா? இல்லை. விழுந்தவரின் விலாவில் இன்னும் இரண்டு. மற்றவர்களும் வந்து விழுந்தார்கள். பூட்ஸ் போடாத கால்கள் என்பதால்தான் அவர் பிழைத்தார். அந்த நிலையிலும் அவர் இடக்கையால் மண்ணை அள்ளி அள்ளி எரிகிற மிச்சத் திரிகளின்மேல் போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் திரி அணைந்த பிறகுதான் மயங்கினார்.

துரை வந்துவிட்டான். காவல்காரரை லாரியில் ஏற்றி நாப்ளூஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டான்: "யார் ஆரம்பித்தது?"

இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன், இன்றைக்கும். விளக்கேற்றினோம் என்றால் என் கோடு போகும், பன்னிரண்டு பேரும் வெடிமருந்துக்குப் பக்கத்தில் தீ வைத்த குற்றத்துக்கு உள்ளே போவார்கள். மூடிகளை ஏற்கெனவே பொறுக்கிப் புதைத்தாயிற்று. நான் விறைப்பாக நின்றுகொண்டு சொன்னேன்: "அந்த ஆள்தான், சார். சும்மா காவல் நின்றவர்களைக் கல்லால் அடித்தான்." வாசுதேவநல்லூர்க்காரனின் நெற்றியே எனக்குச் சாட்சி.

துரை அவன் நெற்றியைப் போய்ப் பார்த்தான். பிறகு, "அப்படியானால் நான் இவர்களுக்குக் கொடுத்த வாக்குக்கு அர்த்தமில்லை. விவகாரம் பெரிதாவதற்குள் முடித்துவிடு. காலையில் வெடி" என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். 'எஸ் சார்' என்றேன்.

ஞாயிறு காலை குழி போட்டது நான்தான். வேறொருவனிடம் கொடுக்க மனம் வரவில்லை, என்ன மனமோ அது. சாத்திய கதவின் நடுவில் ஒன்று, விளக்குத் தண்டுகளின் அடியில் ஒவ்வொன்று, எழுத்தின் ஓரமாக இரண்டு. உளி ஒவ்வொரு தட்டுக்கும் சின்னக் கற்களைத் துப்பியது, முகத்தில் வந்து அடித்தன. திரியைப் பற்றவைத்து ஓடினேன். தரை ஒருமுறை மூச்சு வாங்கியது போல எழும்பி, அப்படியே மேலே போயிற்று. அரை நிமிஷம் சிவப்பும் வெள்ளையுமாகக் கல்மழை. ஒன்று என் காதைக் கிழித்தது. தழும்பு இருக்கிறது.

மதியம் ஆகவில்லை, அவர்கள் வந்துவிட்டார்கள். வயதான குரு கழுதைமேல், பின்னால் சிவப்புத் தலைச்சுற்றோடு ஐந்தாறு பேர். கட்டுப் போட்ட கையோடு காவல்காரரும். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து நடந்தே வந்திருக்கிறார். லாரியில் ஜல்லி ஏறிக்கொண்டிருந்தது. குரு கழுதையைவிட்டு இறங்கவேயில்லை. காவல்காரர் மட்டும் குழிக்குள் இறங்கிப் போய், இடக்கையால் சின்னக் கற்களைப் பொறுக்கி அங்கி மடிப்பில் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நின்றேன். அடிக்க மாட்டாரா என்றிருந்தது.

அவர் மேற்பார்வைக்காரரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். "எங்கள் ஓய்வுநாளில், அடுப்புக்கூட மூட்டாத நாளில், எங்கள் ஜெபவீட்டில் ஏன் தீ வைத்தாய்? உனக்கு நான் என்ன செய்தேன்?"

நான் சொன்னேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை சாமிக்கு விளக்கேற்றுவோம். மரியாதைக்காகத்தான் ஏற்றினோம். நீர் சந்தோஷப்படுவீர் என்று நினைத்தோம்.

மேற்பார்வைக்காரர் அதைச் சொல்லி முடித்ததும் காவல்காரர் என் முகத்தையே பார்த்தார். "தேவனுக்காகவா?" என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அவர் அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்து, நல்ல கையால் தன் முகத்தில் தானே அறைந்துகொண்டார். திரும்பத் திரும்ப அறைந்தார். மற்றவர்கள் வந்து கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

துரையிடம் போய் நிஜத்தைச் சொன்னேனா? இல்லை. ரோடு குறித்த நாளைக்கு முன்பே முடிந்தது. எனக்கு இன்னொரு கோடு கொடுத்தார்கள். வாங்கித் தைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஊர் திரும்பினேன். சாரல் பிடித்திருந்த ஆனிக் கடைசி. வாசுதேவநல்லூர்க்காரன் எனக்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டவன். தென்காசி ஸ்டேஷனில் இறங்கினால் மாலையோடு நிற்கிறான், பின்னால் இருபது இளவட்டங்கள்.

"வெளக்கக் காத்த அண்ணாச்சி வந்தாச்சுலே!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருவியில் குளிக்கக் குதிரை வண்டியில் குற்றாலம் போகும்போதுதான் தெரிந்தது. அந்தக் கதை எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்து, கைகால் முளைத்து நின்றது. இவன் சொல்லிய கதையில் அது பெருமாள் கோவில். விளக்கை உதைத்தவன் சாயபு. நான் ஒற்றை ஆளாக அவன் கையை ஒடித்து மானத்தைக் காத்தவன். நெற்றித் தழும்பைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறான். அந்த வருஷம் நாடு முழுக்க இந்து முஸ்லிம் அடிதடிப் பேச்சு, அது எங்கள் பக்கமும் வந்து கொஞ்சம் பேர் மண்டையில் ஏறியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாலை கழுத்தில் கிடந்தது. சொல்லலாம், குளித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தான் விற்கிற ராவுத்தர் ஒருவர் உண்டு. நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து பழக்கம். நான் 'மாமா' என்பேன், அவர் 'மாப்ளே' என்பார். என்னைப் பார்த்ததும் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். ஒரு பயல் அதைத் தட்டிவிட்டான். இன்னொருவன் கூடையை எத்தினான். பழமெல்லாம் உருண்டு ஓடைத் தண்ணீரில் விழுந்தது. அவர் தலைத் தொப்பியைப் பிடுங்கி ஒருவன் தன் தலையில் வைத்துக்கொண்டான். பிடிக்கப் போனவரைத் தள்ளினார்கள், கல்லில் விழுந்து முழங்கை சிராய்த்தது.

"இந்தா நிக்காரு பாரும், ஒம்ம ஆளு கைய ஒடிச்சவரு!" என்றான் வாசுதேவநல்லூர்க்காரன்.

ராவுத்தர் விழுந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்தார். "அப்படியா மாப்ளே?"

மாலையைக் கழற்றி எறிந்தேன். "நிறுத்துங்கலே! நான் கைய ஒடிச்ச மனுசன் சாயபு இல்ல. அது பெருமாள் கோவிலும் இல்ல. சமாரியர்ன்னு ஒரு ஜனம், ஒரு தெரு ஜனம்தான், அவங்க கும்பிடுத எடம். சனிக்கெழம தீ மூட்டுதது அவங்களுக்குப் பாவம். அது தெரியாம நாமதான் ஏத்தினோம். அவரு தடுக்க வந்தாரு. நான் கைய ஒடிச்சேன். தொரைகிட்ட அவருதான் மொதல்ல அடிச்சாருன்னு பொய் சொன்னேன். என் கோட்டுக்காகச் சொன்னேம்லே! அந்தப் பொய்யாலதான் அந்தக் கோவிலே போச்சு. குழி போட்டு வெடிச்சதும் நான்தான்."

வாசுதேவநல்லூர்க்காரன் முகம் வெளுத்துவிட்டது. "என்ன அண்ணாச்சி சொல்லுதீரு? அப்ப இது எதுக்குவே?" என்று தன் நெற்றியைத் தொட்டான். "நான் எதுக்கு ரத்தம் சிந்துனேன்?" அவன் அடித்த முதல் அடியில் என் முன்பல் இரண்டு போயிற்று. சும்மா வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை நான், திருப்பிக் கொடுத்தேன். இருபது பேருக்கு முன்னால் ஒருவன் கொடுப்பது எத்தனை? ஓடைக்குள் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். எங்கிருந்தோ போலீஸ் விசில் கேட்டதும் கலைந்தார்கள். வாசுதேவநல்லூர்க்காரன் மட்டும் கரையில் நின்று அழுதான். அப்புறம் அவனும் போய்விட்டான். சாகும்வரை என்னோடு அவன் பேசவில்லை.

ராவுத்தர் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் தண்ணீரில் உட்கார்ந்தபடியே பொறுக்கிக் கொடுத்தேன். வாயிலிருந்து ரத்தம் பழத்தின்மேல் சொட்டியது, ஒவ்வொன்றாகக் கழுவிக் கொடுத்தேன். கூடை முக்கால் நிறைந்ததும் அவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கேன். இப்பச் சொன்னத அன்னைக்கே அந்தத் தொரைகிட்டச் சொல்லியிருந்தா, அந்த மனுசனுக்கு அந்த எடம் நெலச்சிருக்குமா?"

"நெலச்சிருக்கும்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடைப் பாலத்தைப் பார்த்து நடந்தார். "மாமா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.